அடுப்பு அணைந்த சனிக்கிழமை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஈரக் காலணிகளைக் கழற்றி அடுப்போரம் வையுங்கள். அவை காய்வதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கில்லிவாரா சாலையில் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் கதை. யார் ஜெயித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். ஜெயித்தவன் பேர் எனக்கே மறந்துவிட்டது.

எங்கள் ஆன்ட்ரிம் பக்கத்தில் பந்தயத்துக்கென்று தனிக் களம் கிடையாது. பால் லாரி போகிற சாலைதான், பள்ளிக்கூடப் பேருந்து போகிற சாலைதான். மே மாதக் கடைசியில், வேலியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் ஒரு சனிக்கிழமை, அதை இரண்டு பக்கமும் அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு மழை கொட்டினால் கொட்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற நாள், அன்று எந்த வண்டியும் பந்தயம் ஓடாது. சாலை அடைத்த பிறகு உள்ளே இருக்கிறவர்கள் உள்ளேதான், வெளியே இருக்கிறவர்கள் வெளியேதான்.

அரசாங்க அனுமதி தனியாக வரும். ஆனால் எங்களுக்கு அது மட்டும் போதாது. மார்ச் மாதம் பிறந்ததும் பந்தயக் கழகத்துச் செயலாளர் வெஸ்லி கால்ட், கேக் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலையோரத்து வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். “உங்க சுவருக்கு வைக்கோல் கட்டு சாய்ச்சுக்கலாமா?” என்று கேட்பார். வண்டி சறுக்கினால் ஆள் கல்லில் மோதாமல் வைக்கோலில் மோத வேண்டுமே, அதற்கு. ஒரு வீடு வேண்டாமென்றாலும் அந்த வருடம் பந்தயம் இல்லை. மனம் கோணிய வீட்டுச் சுவரில் வைக்கோல் சாய்த்தால் அந்தச் சுவர் ஆளைப் பலி கேட்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதுவரை யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

மெக்கில்வெய்ன் வீட்டில் சொன்னார்கள்.

அந்த வீடு என் வீட்டுக்கு எதிர்ப்புறம், ஒரு மேய்ச்சல் வயல் தாண்டி. மேட்டிலிருக்கும் பெரிய பீச் மரத்தடியிலிருந்து சாலை சரேலென்று இறங்கி, அவர்கள் வீட்டுப் பக்கச் சுவரை உரசுவது போல் இடப்பக்கம் திரும்பும். பந்தயக்காரர்கள் அதை மெக்கில்வெய்ன் முனை என்பார்கள். அந்த வீட்டுக்காரி இசபெல், என் வயது. கணவர் சாமுவேல் அந்த முனையில் எத்தனையோ வருடம் ஓட்டிவிட்டு, கடைசியில் சொந்தப் படுக்கையில் நெஞ்சு வலியில் போனவர். பிறகு மகன் கீத் ஓட்டினான். மணிக்கட்டு நொறுங்கி அவன் நிறுத்திய பிறகு, அவன் பெண்டாட்டி ரோண்டா ஓட்டினாள். அங்கேதான் கதை.

வெஸ்லி வந்த அன்று நானும் அந்தச் சமையலறையில் இருந்தேன். வசந்தத்தில் மாடுகள் கன்று போடும் காலம். பால் புகட்ட நான் உதவிக்குப் போவேன். இசபெல் அவருக்குத் தேநீர் ஊற்றி, சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்தாள்.

“இசபெல் அம்மா, வழக்கம்போல ரெண்டு வரிசை போட்டுடலாமா?”

“வேண்டாம் வெஸ்லி.”

“அப்ப மூணு வரிசையா போட்டுடறேன்.”

“ஒண்ணும் வேண்டாம். இந்த வருஷம் என் சுவர்ல வைக்கோல் சாய்க்காதே. டீ ஆறுது, குடி.”

வெஸ்லி என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன். ஏனென்று இசபெல் சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை. கேக் டப்பாவை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார் மனிதர்.

அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காரணத்தை ஊரே கண்டுபிடித்தும்விட்டது. கடையில் ரொட்டி வாங்க நின்ற டிரெவர் பிளேர் உரக்கச் சொன்னான்: “மாமியா மருமக சண்டைக்கு ஊர்ப் பந்தயமா பலி? புருஷன் ஓட்டினப்போ சரி, மகன் ஓட்டினப்போ சரி. மருமக ஏறி உட்கார்ந்ததும் கிழவிக்கு ஆகல. ஆகாதுன்னா வீட்டுக்குள்ள சொல்லணும், எங்க தலையிலயா கை வைக்கிறது?”

“போன வருஷம் ரோண்டா உன்னைத் தாண்டிப் போனப்பவும் இப்படித்தான் பேசினே,” என்றாள் கடைக்காரி.

“என் கிளட்ச் வழுக்கிச்சும்மா அன்னைக்கு!”

அது ஓர் அதிசயம், கண்ணுகளா. ரோண்டா தாண்டிப் போகும்போதெல்லாம் ஆண்களுக்குக் கிளட்ச் வழுக்கும், பெட்ரோலில் தண்ணீர் கலக்கும், கண்ணில் பூச்சி விழும். அவள் பின்னால் வந்தால் எல்லா வண்டியும் நன்றாகவே ஓடும்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் மாட்டுக் கொட்டில், மகள் லேயாவுக்குச் சாப்பாடு, பிறகு பள்ளிக்கூடப் பேருந்து. அவள்தான் ஓட்டுநர். அந்தச் சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பேருந்தின் ஸ்டியரிங் வழியாக அவள் உள்ளங்கையில் பதிந்திருந்தது. கீத்தின் வண்டி கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தபோது, “எண்ணெய் உறைஞ்சிடும், ஒரு சுத்து ஓட்டிட்டு வரேன்” என்று எடுத்தவள்தான்.

தோல் உடை கீத்தினுடையது. தோளில் தொளதொள, இடுப்பில் ஏறாது. பெண்ணுக்கென்று தைத்து வாங்க வசதி இல்லை. நான் குதிரைச் சேணம் தைக்கும் ஊசியை எடுத்து, பழைய சோபாவின் தடித்த தோலை வெட்டி, இரண்டு இடுப்பிலும் ஒட்டுப் போட்டுத் தந்தேன். உடை கறுப்பு, ஒட்டு பழுப்பு. “சோபா வருதுடா!” என்று வேலிக்குப் பின்னால் பையன்கள் கத்துவார்கள். அவள் சிரித்துக்கொள்வாள்.

வண்டிகள் நிற்கும் வயலில் கழிப்பறை இரண்டே இரண்டு. ஆண்கள் வேலி மறைவுக்குப் போய்விடுவார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாய் இருக்கும் அந்த உடையை அவிழ்த்து மாட்ட அவளுக்கு ஒரு பந்தயமே முடிந்துவிடும். அதனால் பந்தய நாளில் விடிந்ததிலிருந்து ஒரு மிடறு தேநீர் குடிக்கமாட்டாள். உடை மாற்றுவது குதிரை ஏற்றும் வண்டிக்குள், நான் கதவைப் பிடித்துக்கொள்ள. வண்டியைச் சோதிக்க வருகிறவர் அவளைத் தாண்டிக் கீத்திடம் கேட்பார்: “பிரேக் எப்படி இருக்கு?” கீத் சொல்வான்: “எனக்கென்ன தெரியும்? ஓட்டறது அவ.” மறுபடியும் அவனிடமே கேட்பார்: “பின் டயர்?”

முடிவில் ‘சிறந்த பெண்மணி’ என்றொரு கோப்பை தருவார்கள். ஓடுகிற பெண் அவள் ஒருத்திதான். கடைசியாக வந்தாலும் சிறந்தவள், வராமல் போனாலும் சிறந்தவள். கன்றுகளுக்குத் தீவனம் அளக்க அந்தக் கோப்பை சரியாக இருந்தது.

இத்தனையும் அவள் பொறுத்துக்கொண்டது ஓட்டுவதற்காக. வேறு ஊர்களில் ஓட்டி ஓட்டித் தேறிவிட்டாள். போன வருடம் முதல் தடவை சொந்தச் சாலையில் ஓட்டினாள். நடுவில் எங்கேயோ வந்தாள். இந்த வருடம் முதல் மூவரில் வந்துவிடலாமென்று கீத்தே சொல்லத் தொடங்கியிருந்தான். அந்த நேரத்தில்தான் இசபெல் சுவரை மறுத்தாள்.

வெஸ்லி ரோண்டாவைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தார். “உன்னை விலகச் சொல்லல பொண்ணே. ஆனா நீயா பேரை எடுத்துட்டா, அவங்க மனசு இளகலாம்.”

“வீட்டு ஆம்பளைங்க ஓட்டினப்போ அந்த மனசு இளகித்தான் கிடந்துச்சா, வெஸ்லி?”

“நான் என்ன செய்வேன் சொல்லு. அறுபது பேர் பேர் கொடுத்திருக்காங்க.”

“என்னையும் சேர்த்தா, சேர்க்காமலா?”

அவர் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

கீத் நல்லவன்தான். ஆனால் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்க வேண்டி வந்தால் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவான். அந்த வாரம் முழுக்க ஸ்பேனர் கிடைக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம், கடலிலிருந்து சாய்வாக மழை அடித்துக்கொண்டிருந்தது. கறவைக் கொட்டிலில் மாடுகள் ஆவி பறக்க நின்றன. மடியைத் துடைப்பது இசபெல், எந்திரத்தின் குவளைகளை மாட்டுவது ரோண்டா. நான் வாளியோடு கன்றுகளுக்குப் பாலெடுக்க நின்றேன். எந்திரம் சளக் சளக்கென்று இழுக்கும் சத்தத்துக்கு மேலே ரோண்டா சொன்னாள்:

“பேரை எடுத்துடறேன் இசபெல். நாளைக்கு வெஸ்லிகிட்டச் சொல்லிடறேன். வைக்கோலைச் சாய்க்க விடுங்க. என்னால ஊருக்கே இல்லாமப் போச்சுன்னு நான் கேட்டுக்கிட்டுப் பேருந்து ஓட்ட முடியாது.”

இசபெல் துணியைப் பிழிந்தாள். “உன்னைப் பேரை எடுன்னு நான் கேட்டேனா?”

“வேற என்ன கேக்கறீங்க? எதையாவது சொல்லுங்களேன். மார்ச்லேர்ந்து வாயைத் தெச்சுக்கிட்டு இருக்கீங்க.”

“போன வருஷம் நீ கையைத் தளர்த்தினே.”

“எங்க?”

“பீச் மரத்தடியில. ஒவ்வொரு சுத்தும். முறுக்கிக்கிட்டே வந்தே, மரத்தடி வந்ததும் விட்டே, வீட்டைத் தாண்டினதும் மறுபடி முறுக்கினே. உனக்குப் பின்னால வந்தவன் அதை எதிர்பார்க்கல. ஒரு தடவை உன் பின்சக்கரத்துல ஏறியிருப்பான். அவன் பிரேக்கும் எனக்குக் கேட்டுச்சு.”

ரோண்டாவின் கையிலிருந்த குவளை காற்றை உறிஞ்சிக் கத்தியது. அவள் அதை மடக்கிப் பிடித்தாள்.

“என் புருஷன் அந்தச் சுவரைத் தாண்டிப் போவாரு,” என்றாள் இசபெல். “நான் அடுப்புகிட்ட உட்கார்ந்து கேப்பேன். ஒரு நாளும் தளர்த்தினதில்ல. கீத்தும் இல்ல. ஏன் தெரியுமா? கிளம்பின இடத்துலேயே என்னை மறந்துட்டாங்க. உள்ள ஒருத்தி இருக்கான்னு நினைப்பே கிடையாது. அந்த மறதிதான் அவங்களைக் காப்பாத்துச்சு. நீ மறக்கல. அந்த முனையில வீட்டை நெனச்சுக்கிட்டு வர்றவளுக்கு என் சுவரைத் தரமாட்டேன். அவ்வளவுதான்.”

“மேட்டு மேல வந்ததும் உங்க புகைபோக்கி தெரியும்,” என்றாள் ரோண்டா மெதுவாக. “புகை தெரியும். உடனே எல்லாம் வந்துடும். லேயா சாப்பிட்டாளா, ஜன்னல்கிட்ட நிக்கறாளா, நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களா... நான் தளர்த்தறேன்னு எனக்கே தெரியல. கை அதுவா செய்யுது.”

“அதைத்தான் சொல்றேன்.”

“அப்ப வீட்டை மறக்கிறவன் ஓட்டலாம், மறக்காதவ ஓட்டக் கூடாதா? நல்லா இருக்கே இந்த நியாயம்!” ஒரு மாடு காலை உதைத்தது, அதன் முதுகில் தட்டி அமர்த்தினாள். “நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க ஏன் அங்க உட்கார்ந்திருக்கீங்க?”

“எங்க?”

“அடுப்புகிட்ட. பந்தயத்தன்னைக்கு.”

“வேற எங்க போவேன்? சாலை அடைச்சிடுவாங்களே.”

“அடைக்கிறதுக்கு முன்னாடி போகலாமே.”

இசபெல் அடுத்த மாட்டின் மடிக்குக் குனிந்தாள். எங்கள் சாலையில் பந்தயக்காரன் வீட்டுப் பெண், அவன் திரும்பி வரும்வரை வாசலைத் தாண்டமாட்டாள், அடுப்பை அணையவிடமாட்டாள். அணைந்தால் ஆகாது என்பார்கள். யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. இசபெல் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இரும்பு அடுப்பில் கனல் இல்லாமல் நான் பார்த்ததில்லை. கோடையிலும் இரவில் சாம்பல் போர்த்தி வைத்து, காலையில் ஊதி எழுப்புவாள். எழுந்து போகலாம் என்று இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

“நான் உட்கார்ந்ததாலதான் அவங்க திரும்பி வந்தாங்க,” என்றாள் இசபெல் கடைசியில்.

“மறந்துட்டதால வந்தாங்கன்னு இப்பதானே சொன்னீங்க.”

எந்திரம் இழுத்துக்கொண்டே இருந்தது. இசபெல் துணியை வாளியில் போட்டுவிட்டு, மழையில் வீட்டுக்கு நடந்துவிட்டாள். மீதி மாடுகளை நானும் ரோண்டாவும் கறந்தோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு உப்புக்கும் வெண்ணெய்க்கும் மட்டும்தான். ரோண்டா பேரை எடுக்கவும் இல்லை, வண்டியைத் தொடவும் இல்லை. பிறகொரு நாள் வேலியோரம் நின்று இசபெல் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏ வயலெட், பந்தயத்தன்னைக்கு நீ எங்க இருப்பே?”

“வண்டி நிக்கற வயல்லதான். டீக் கூடாரத்துல ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவேன்.”

“ஆள் போதுமா?”

“எங்க போதுது? அந்த டிரெவர் பிளேர் ஒருத்தனே ஒரு முழு ரொட்டியைத் திம்பான்.”

“கத்தி இருக்கா, நான் கொண்டு வரணுமா?”

“கொண்டு வா, அங்க இருக்கிறதெல்லாம் மொட்டை,” என்றேன். அன்று சாயங்காலமே வெஸ்லிக்குப் போன் போயிருக்கிறது. “வைக்கோலைக் கொண்டா. நனைஞ்ச கட்டு வேண்டாம். போன தடவை சுவரெல்லாம் பூஞ்சை பூத்துப்போச்சு.”

சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. இளைஞர்கள் விடியுமுன்னே சாலையில் மாட்டுச் சாணத்தைக் கழுவித் தள்ளினார்கள். நான் இசபெலை அழைக்கப் போனபோது அவள் அடுப்பின் முன்னால் முழங்காலிட்டிருந்தாள். கனலை இழுத்து, இரும்பு வாளியில் போட்டு, முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். பார்க்காதது போல் லேயாவுக்குத் தொப்பி மாட்டினேன். கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, கத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். மூவரும் சாலை அடைக்குமுன் நடந்து போனோம். ரோண்டாவும் கீத்தும் வண்டியோடு விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். இசபெல் வருவது அவர்களுக்குத் தெரியாது. “சொல்லிடவா?” என்று கேட்டேன். “சொன்னா அதையும் நெனச்சுக்கிட்டு ஓட்டுவா. வேண்டாம்,” என்றாள்.

நான் மட்டும் குதிரை ஏற்றும் வண்டியின் கதவைப் பிடிக்கப் போய்விட்டு வந்தேன். ரோண்டாவின் முகம் வெளிறிக் கிடந்தது. “வீட்ல எப்படி இருக்காங்க?” என்றாள். “வீட்டுல எல்லாம் சரியா இருக்கு,” என்றேன். பொய்யில்லையே.

கூடாரத்திலிருந்து சாலை தெரியாது. சத்தம் மட்டும் வரும். மெக்கில்வெய்ன் முனை வயல்களுக்கு அப்பால். அன்று காற்று அங்கிருந்துதான் அடித்தது. வண்டிகள் கிளம்பின. எனக்கு எல்லாம் ஒரே குளவிக் கூடு. இசபெல் ரொட்டியும் வெண்ணெயுமாகக் குனிந்திருந்தாள். முன்னால் போனவர்களின் இரைச்சல் மேட்டில் ஏறி முனையில் இறங்கியது. பிறகு இன்னும் சில. சட்டென்று அவள் கத்தி வெண்ணெயிலேயே நின்றது.

“தளர்த்திட்டா,” என்றாள்.

“எப்படிடி தெரியும் உனக்கு?”

“பேசாதே.”

தேநீர் கேட்டு ஒருவர் நின்றார். நான் கையால் போகச் சொன்னேன். லேயா மேசைக்கடியில் கேக் தின்றுகொண்டிருந்தாள். வண்டிகள் ஊரைச் சுற்றி வர எடுத்த நேரம் எவ்வளவு என்று சொல்லமாட்டேன். இசபெலின் கைக்கடியில் வெண்ணெய் உருகி வழிந்தது, அவ்வளவு நேரம். மறுபடி மேட்டில் இரைச்சல். ஒன்று, இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒன்று. அந்த ஒன்று பீச் மரத்தடியில் ஏறிய குரல் இறங்காமல், ஒரே நீளமாக, துணியைக் கிழிப்பது போல் முனையைத் தாண்டிப் போனது. எனக்கே கேட்டது.

இசபெல் மூச்சை விட்டாள். கத்தி நகர்ந்தது. “இந்த ரொட்டியை யாரு இவ்வளவு தடிமனா வெட்டினது?” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு சுற்றுக்கும் அந்தக் கத்தி நிற்கவில்லை.

ரோண்டா நான்காவதாக வந்தாள். மேடையில் நிற்க மூன்று பேருக்குத்தான் இடம். டிரெவர் பிளேர் அவளுக்குப் பின்னால் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றியதும் கழற்றாததுமாக, “இந்த வருஷம் என் கிளட்ச்ல ஒண்ணுமில்ல சோபா. நீ போயிட்டே,” என்றான். அவ்வளவு சொல்ல அவனுக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது, பரவாயில்லை. ‘சிறந்த பெண்மணி’ கோப்பையையும் தந்தார்கள். கன்று இந்த வருடம் அதிகம், இரண்டாவது அளவை தேவைதான்.

கோப்பையோடு அவள் கூடாரத்துக்குள் வந்தாள், தேநீர் குடிக்க. மேசைக்குப் பின்னால், வெண்ணெய்க் கையோடு, கோயில் கோட்டில் இசபெல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“முதல் சுத்துல மேட்டு மேல வந்து பார்த்தேன், புகையே இல்ல,” என்றாள் ரோண்டா. “உயிரே போயிடுச்சு எனக்கு. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“கேட்டுச்சு.”

“அப்புறம் அந்தச் சுத்து முழுக்க யோசிச்சேன். திடீர்னு புரிஞ்சுது. இந்தப் பொம்பளை அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்பிப் போயிட்டான்னு. ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சேன். கண்ணாடியெல்லாம் ஆவி.”

“சிரிச்சுக்கிட்டா அந்த முனையில திரும்பினே?”

“ஆமா.”

“இனிமே சிரிக்காம திரும்பு,” என்றாள் இசபெல். “இந்தா, டீ. காலையிலேர்ந்து குடிச்சிருக்க மாட்டே.”

ரோண்டா நின்றுகொண்டே குடித்தாள். இன்னொரு கோப்பை தேநீர் கேட்டாள்.

சாலை திறந்ததும் எல்லோரும் நடந்தே அந்த வீட்டுக்குப் போனோம். வைக்கோலில் ஒரு தும்பு கலையவில்லை. சமையலறை கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்த பன்றித் தொடைக்கறியும் ரொட்டியும் மேசைமேல். ரோண்டா தோல் உடையோடு நாற்காலியில் விழுந்தாள். முன்பக்கத்து ஜிப் சிக்கிக்கொண்டது, எழுந்திருக்கத் தெம்பில்லை. இசபெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

“அடுப்பை யாரு பத்த வைக்கிறது?” என்றாள் லேயா.

பெண்கள் மூவரும் கீத்தைப் பார்த்தோம். கீத் ஸ்பேனரைத் தேடுவது போல் சுற்றும் முற்றும் பார்த்தான்; இங்கே ஸ்பேனர் இல்லை. பிறந்த வீட்டு அடுப்பு. ஆனால் அதில் ஒரு நாளும் நெருப்பு மூட்டியதில்லை அவன். முழங்காலிட்டு, காகிதத்துக்கு மேல் கரியும் கரிக்கு மேல் சுள்ளியுமாக அடுக்கினான். வீடு முழுக்கப் புகை. லேயா இருமிக்கொண்டே ஜன்னலைத் திறக்க ஓடினாள்.

“புகைபோக்கித் தடுப்பைத் திறடா,” என்றாள் இசபெல், எழுந்திருக்காமல்.

“எந்தத் தடுப்பு?”

“தேடு,” என்றாள் ரோண்டா, அவளும் எழுந்திருக்காமல்.

கண்ணில் நீர் வழிய அவன் தேடிக்கொண்டிருக்க, அந்த இரண்டு பெண்களும் காலை நீட்டிக்கொண்டு, புகைக்குள் உட்கார்ந்து, குளிர்ந்த ரொட்டியைத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதைப் போல் ருசியான ரொட்டி நான் தின்றதில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் காலணியும் காய்ந்திருக்கும். உங்கள் வீட்டு அடுப்பில் என்றைக்கும் கனல் இருக்கட்டும். அதை அணைத்துவிட்டு ஒருத்தி வெளியே போக வேண்டிய நாள் வந்தால் அவளுக்குக் கை நடுங்காமல் இருக்கட்டும். அவள் திரும்பி வரும்போது மறுபடி மூட்ட, வீட்டில் இன்னொரு கை இருக்கட்டும்.